நம்பர் அதேதான்... சுவிட்ச் வேறு! - ஒரு கார் கம்பெனியைத் திணறவைத்த ரகசியத் திருத்தம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு பொறியாளரின் மேசை மீது இரண்டு கார் சுவிட்சுகள் இருந்தன. ஒன்று, விபத்துக்குள்ளான செவர்லே கோபால்ட் காரிலிருந்து கழற்றி எடுக்கப்பட்டது. இன்னொன்று, டீலரிடம் சுமார் 30 டாலர் கொடுத்துப் புதிதாக வாங்கப்பட்டது. இரண்டும் சாவியைத் திருப்பினால் வண்டியைக் கிளப்பும் இக்னிஷன் சுவிட்சுகள். வெளியில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே தோற்றம். பார்ட் நம்பரும் ஒன்றேதான்.

ஆனால், சாவியைத் திருப்பும்போது கைக்கு வித்தியாசம் தெரிந்தது. பழையது தொட்டாலே நழுவியது. புதியது 'டக்' என்று பிடித்து நின்றது. எக்ஸ்ரே எடுத்தார், பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்த ஒரு சின்னப் பின், புதிய சுவிட்சில் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் பலமானது. யாரோ, எப்போதோ இந்த சுவிட்சை மாற்றியிருக்கிறார்கள். நம்பரை மட்டும் மாற்றவில்லை!

அந்த ஒரு கண்டுபிடிப்பு, உலகின் மிகப்பெரிய கார் நிறுவனங்களில் ஒன்றான ஜெனரல் மோட்டார்ஸை (ஜி.எம்.) அமெரிக்க நாடாளுமன்றம் வரை இழுத்துச் சென்றது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே பின்னர் 124 மரணங்களை இந்தக் குறைபாட்டின் கணக்கில் ஏற்றுக்கொண்டது.

ஒரு பொருளைத் திருத்துவது நல்ல விஷயம்தானே? அதைச் சொல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு, இதைவிடப் பெரிய பாடம் கிடைப்பது அரிது.

சாவிக்கொத்தின் கனம் தாங்காத சுவிட்ச்

கார் சாவியைத் திருப்பும்போது சில நிலைகள் உண்டு. முதலில் 'ஆஃப்'. அடுத்து 'அக்சஸரி'. இதில் ரேடியோ பாடும், இன்ஜின் ஓடாது. அதற்கடுத்து 'ரன்'. வண்டி ஓடும்போது சாவி இந்த நிலையில்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் சாவி நழுவாமல் நிற்க, சுவிட்சுக்குள் ஒரு பின்னும் ஸ்பிரிங்கும் உண்டு. ஸ்பிரிங் தள்ள, பின் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

எவ்வளவு விசை கொடுத்தால் சாவி அடுத்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு ஓர் அளவு வைத்திருந்தது ஜி.எம். 20 நியூட்டன் சென்டிமீட்டர். அதில் 5 கூடலாம், 5 குறையலாம். எளிதாகச் சொன்னால், ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் சுமார் 2 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் திருப்பு விசை. ஆனால், சப்ளையரான டெல்ஃபை நிறுவனம் செய்து கொடுத்த சுவிட்சில் இருந்ததோ 4 முதல் 10 வரைதான். அதாவது, குறைந்தபட்ச அளவையே அது தொடவில்லை.

இது தெரியாமல் நடக்கவில்லை. 2002-ல், பரிசோதனையில் தேறாத நிலையிலேயே சுவிட்சுக்கு ஒப்புதல் கொடுக்கப்பட்டது. அந்த நேரத்தில் சுவிட்சின் மின்சாரப் பகுதியில் வேறு சிக்கல்கள் இருந்தன. விசையைக் கூட்டப்போய் அந்தப் பகுதி கெட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பொறுப்பில் இருந்த பொறியாளர் இந்த சுவிட்சோடு போராடிப் போராடிச் சலித்துப்போயிருந்தார். 'நரகத்து சுவிட்ச்' என்று அதைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சலின் கடைசியில் கையெழுத்துப் போடும் அளவுக்குச் சலிப்பு!

சாட்டர்ன் அயன், செவர்லே கோபால்ட் என்று அடுத்தடுத்து கார்கள் சாலைக்கு வந்தன. புகார்களும் கூடவே வந்தன. முழங்கால் லேசாக இடித்தால் போதும், கனமான சாவிக்கொத்து ஆடினால் போதும், பள்ளத்தில் வண்டி குலுங்கினால் போதும். சாவி 'ரன்' நிலையிலிருந்து நழுவி 'அக்சஸரி'க்கு வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நின்றுவிடும். கோபால்ட் காரை ஓட்டிப் பார்த்து எழுதிய ஒரு பத்திரிகையாளரே, தன் மனைவியின் முழங்கால் பட்டு வண்டி நின்றுபோனதை 2005-ல் பதிவு செய்தார்.

இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் உதவி போய்விடும், பிரேக்கை மிதிக்கக் கூடுதல் பலம் தேவைப்படும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. ஏர்பேக்கும் விரியாது! வண்டி ஓடவில்லை என்று கார் நினைத்துக்கொள்கிறது. மோதும் நொடியில் உயிரைக் காக்க வேண்டிய பை, மடித்து வைத்தபடியே கிடக்கும்.

ஜி.எம். அதிகாரிகள் பலருக்கு இந்தக் கடைசிக் கண்ணி புரியவில்லை. ஓடும் வண்டி நின்றுபோவதை அவர்கள் பாதுகாப்புப் பிரச்னை என்ற தலைப்பில் சேர்க்கவில்லை. 'வாடிக்கையாளர் வசதி' என்ற தலைப்பில் போட்டார்கள். 2005-ல் சுவிட்சைத் திருத்தும் யோசனைகள் வந்தபோது, செலவுக்கு ஏற்ற பலன் இல்லை என்று கைவிடப்பட்டன. ஒரு சுவிட்சுக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு டாலரைக்கூடத் தொட்டிருக்காது. அதற்குப் பதிலாக, 'சாவிக்கொத்தில் அதிகம் மாட்டாதீர்கள்' என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லும்படி 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது.

2006 ஏப்ரல் 26... ஒரு கையெழுத்து

கதையின் திருப்பம் இங்கேதான். அதே பொறியாளர், 2006 ஏப்ரல் 26-ம் தேதி சப்ளையரின் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நீளமான பின், பலமான ஸ்பிரிங் கொண்ட புதிய சுவிட்சுக்கு ஒப்புதல். அதன் பிறகு தயாரான கார்களில் மெல்ல மெல்லப் புதிய சுவிட்ச் இடம்பிடித்தது. 2008 மாடல் முதல் பிரச்னை ஓய்ந்தது.

நல்ல காரியம்தானே? ஆம். ஆனால், அதோடு செய்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லை. சுவிட்சுக்குப் புதிய பார்ட் நம்பர் கொடுக்கப்படவில்லை. அப்படிக் கொடுக்காமல் விட்டது ஜி.எம். நிறுவனத்தின் சொந்த விதிமுறைக்கே எதிரானது. மாற்றம் நடந்ததைச் சொல்லும் காகிதம் சப்ளையரிடம் இருந்தது. ஜி.எம்-மில் இந்த விபத்துகளை ஆராய வேண்டியவர்களின் கண்ணுக்கு அது எட்டவில்லை. அவர்களைப் பொறுத்தவரை, 2005 காரில் இருந்ததும் 2008 காரில் இருந்ததும் ஒரே சுவிட்ச்.

இது எவ்வளவு பெரிய விஷயம்? ஒரு மருந்தை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பாட்டி வருடக்கணக்கில் ஒரே மாத்திரையைச் சாப்பிடுகிறார். கம்பெனி ஒருநாள் மாத்திரையின் அளவை 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக மாற்றுகிறது. அட்டையில் பெயர் அதே, அளவும் '5' என்றே அச்சாகியிருக்கிறது. புதிய மாத்திரை உண்மையிலேயே நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால், பாட்டிக்குத் தலைசுற்றல் வந்தால் டாக்டர் எதைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பார்? எந்த அட்டையைத் திரும்பப் பெறுவது? கடை அலமாரியில் இருப்பது எது பழையது, எது புதியது?

தொழிற்சாலைகளில் பார்ட் நம்பர் என்பது வெறும் எண் கிடையாது. ஓர் உறுப்பின் பிறப்புச் சான்றிதழ், ஜாதகம், முகவரி மூன்றும் அதுதான். அதனால்தான் உலகம் முழுக்க ஓர் எளிய விதி உண்டு. ஓர் உறுப்பின் வடிவம், அது பொருந்தும் விதம், அது செய்யும் வேலை... இந்த மூன்றில் எது மாறினாலும் நம்பர் மாற வேண்டும். பழையதற்குப் பதில் புதியதையும் போடலாம், புதியதற்குப் பதில் பழையதையும் போடலாம், இரண்டு பக்கமும் எந்த வித்தியாசமும் வராது என்றால் மட்டுமே பழைய நம்பர் நீடிக்கலாம்.

கோபால்ட் சுவிட்சுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பழையதற்குப் பதில் புதியதைப் போட்டால் கார் பாதுகாப்பாகும். புதியதற்குப் பதில் பழையதைப் போட்டால் ஆபத்தாகும். இரண்டும் ஒரே நம்பரில் இருக்கவே கூடாது.

மீன் தராசோடு அலைந்த அதிகாரிகள்

விபத்துகள் தொடர்ந்தன. சாவி 'அக்சஸரி' நிலையில் இருந்ததால் ஏர்பேக் விரியாமல் போயிருக்கலாம் என்று 2007-லேயே விஸ்கான்சின் மாநிலக் காவல் அதிகாரி ஒருவர் தன் விபத்து அறிக்கையில் எழுதினார். கார் கம்பெனிக்குப் புரியாத கண்ணி, சாலையில் நின்று விசாரித்த ஒரு போலீஸ்காரருக்குப் புரிந்திருந்தது!

ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று ஜி.எம். நிறுவனத்துக்குள் விசாரணை நடந்தது. விசாரித்தவர்கள் விபத்துக்குள்ளான கார்களை வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. 2007 மாடல் வரை பிரச்னை இருக்கிறது. 2008 முதல் இல்லை. நடுவில் எதுவோ மாறியிருக்கிறது. எது?

சுவிட்ச் மாறியதா என்று கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்தது. பதிவேட்டைப் பார்த்தார்கள். நம்பர் மாறவில்லை. அதனால், சுவிட்ச் காரணமாக இருக்க முடியாது என்று முடிவுகட்டி வேறு பக்கம் தேடப் போனார்கள். பழைய கார்கள் குவிந்துகிடக்கும் இடத்துக்குப் போய், மீன் எடை பார்க்கும் தராசை வாங்கி, சாவியைத் திருப்ப எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளந்துபார்த்த கதையும் நடந்தது. பழைய மாடல்களில் விசை குறைவு என்று தராசு சொன்னது. 'சுவிட்ச் ஒன்றுதான்' என்று காகிதம் சொன்னது. பல காலம் காகிதமே ஜெயித்தது.

தப்பான ஆவணம் இல்லாத ஆவணத்தைவிட மோசமானது. ஆவணமே இல்லையென்றால் ஆட்கள் போய்ப் பொருளைப் பார்ப்பார்கள். தப்பான ஆவணம் இருந்தால் அதை நம்பி, பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இதற்கிடையே, 2010-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் தன் கோபால்ட் காரில் சென்றபோது விபத்தில் இறந்தார். மோதலுக்குச் சில நொடிகள் முன்பே சாவி 'அக்சஸரி'க்கு நழுவியிருந்ததைக் காரின் பதிவுக் கருவி காட்டியது. பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்களின் வழக்கறிஞர் அமர்த்திய பொறியாளர்தான், முதலில் பார்த்த அந்தப் புளோரிடாக்காரர். கோடிகளில் புரளும் ஒரு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் தேடியதை, 30 டாலர் சுவிட்சை வாங்கிப் பிரித்துப் பார்த்த ஒருவர் கண்டுபிடித்தார்.

2013 ஏப்ரலில் அந்த வழக்கின் விசாரணையில் ஜி.எம். பொறியாளரிடம் இரண்டு சுவிட்சுகளின் படங்கள் காட்டப்பட்டன. இப்படியொரு மாற்றத்துக்குத் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அவர் சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் சப்ளையரிடமிருந்து வந்த ஆவணத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. தவறான நோக்கம் எதுவும் தனக்கு இல்லை என்று பிற்பாடு அவர் விளக்கம் சொன்னார்.

ஒரே நம்பர் வைத்த கடைசி வேட்டு

2014 பிப்ரவரியில்தான் ஜி.எம். கார்களைத் திரும்ப அழைத்தது. முதலில் சில லட்சம் கார்கள். மாதக் கடைசியில் எண்ணிக்கை சுமார் 16 லட்சம் ஆனது. மார்ச் மாதம் மூன்றாவது முறையாகப் பட்டியல் நீண்டு, மொத்தம் சுமார் 26 லட்சம் கார்களைத் தொட்டது.

மூன்றாவது முறை சேர்ந்த சுமார் 9.7 லட்சம் கார்கள் எவை தெரியுமா? 2008 முதல் 2011 வரையிலான மாடல்கள். அதாவது, நல்ல சுவிட்சோடு தயாரான கார்கள்! அவற்றை ஏன் அழைக்க வேண்டும்?

காரணம், உதிரிபாகக் கடைகள். பழைய சுவிட்சுகள் சுமார் 95 ஆயிரம், உதிரிபாகமாக டீலர்களுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் போயிருந்தன. 2009-ல் வாங்கிய காரில் ஏதோ ஒரு காரணத்துக்காக மெக்கானிக் சுவிட்சை மாற்றியிருந்தால், அலமாரியிலிருந்து அவர் கையில் வந்தது பழையதா, புதியதா? பெட்டியில் ஒரே நம்பர். அவருக்குத் தெரிய வழியில்லை, கடைக்காரருக்கும் தெரியாது, ஜி.எம். நிறுவனத்துக்கும் தெரியாது. எந்த சில ஆயிரம் கார்களில் பழையது போனது என்று சொல்ல முடியாததால், லட்சக்கணக்கான கார்களை மொத்தமாகக் கூப்பிட வேண்டியதாயிற்று.

2006-ல் நம்பரின் ஓர் இலக்கத்தை மாற்றியிருந்தால், கடைகளில் இருந்த பழைய சரக்கை ஒரே கடிதத்தில் திரும்பப் பெற்றிருக்கலாம். அதைவிட முக்கியமாக, 'ஏன் மாற்றினீர்கள்?' என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கும். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லியிருந்தால், சாலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்கள் அன்றே திரும்ப அழைக்கப்பட்டிருக்கும்.

2014 ஜனவரியில்தான் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்றிருந்த மேரி பாரா, ஏப்ரல் 1-ம் தேதி நாடாளுமன்றக் குழு முன்பு நின்றார். முன்னாள் அரசு வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் தலைமையில் நடந்த விசாரணை அறிக்கை ஜூன் மாதம் வெளியானது. 15 பேர் வேலையை இழந்தார்கள். அந்த அறிக்கையில் இரண்டு வேடிக்கையான பெயர்கள் வருகின்றன. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிட்டு வெளியே போய் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குப் பெயர் 'ஜி.எம். தலையாட்டல்'. கைகளைக் கட்டிக்கொண்டு விரலை மட்டும் அடுத்தவர் பக்கம் நீட்டுவது 'ஜி.எம். சல்யூட்'. சிரிப்பு வருகிறது. ஆனால், இந்த இரண்டு பழக்கமும் இல்லாத அலுவலகத்தைக் காட்டச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

இழப்பீட்டு நிதியிலிருந்து 124 மரணங்களுக்கும் 275 காயங்களுக்கும் சேர்த்து சுமார் 59 கோடி டாலர் வழங்கப்பட்டது. குற்றவியல் நடவடிக்கையை முடித்துக்கொள்ள 2015-ல் மேலும் 90 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது நிறுவனம்.

காகிதம் மாறியது... பொருள் மாறவில்லை!

ஜி.எம். கதையில் பொருள் மாறியது, காகிதம் மாறவில்லை. இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. அது நடந்தது விண்வெளியில்.

1970 ஏப்ரலில் நிலவுக்குப் புறப்பட்ட அப்போலோ 13 விண்கலத்தில், பூமியிலிருந்து சுமார் 3.2 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் ஓர் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. ஜிம் லவல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹெய்ஸ் ஆகிய மூவரும் உயிர்பிழைத்துத் திரும்பியது உலகம் அறிந்த சாகசம். தொட்டி ஏன் வெடித்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை.

தொட்டிக்குள் ஒரு ஹீட்டர். சூடு அதிகமானால் அதை நிறுத்த ஒரு சுவிட்ச். ஆரம்பத்தில் எல்லாம் 28 வோல்ட் மின்சாரத்துக்கு வடிவமைக்கப்பட்டன. பிறகு, ஏவுதளத்தில் தரும் மின்சாரத்தைத் தாங்கும்படி 65 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும் என்று 1965-ல் விவரக்குறிப்பு திருத்தப்பட்டது. திருத்தம் தொட்டியைத் தயாரித்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஹீட்டர் மாறியது. அந்தச் சின்ன சுவிட்ச் மட்டும் 28 வோல்ட்டிலேயே நின்றுவிட்டது. அதைத் தயாரித்தவரும் கவனிக்கவில்லை, சரிபார்த்தவர்களும் கவனிக்கவில்லை.

ஏவுவதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்த சோதனையில், தொட்டியைக் காலி செய்ய ஹீட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டார்கள். 65 வோல்ட் பாய்ந்ததில் சுவிட்ச் உருகி ஒட்டிக்கொண்டது. ஹீட்டர் நிற்கவேயில்லை. உள்ளே வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியது என்று பின்னர் கணக்கிடப்பட்டது. வெளியே இருந்த மீட்டரோ 27 டிகிரிக்கு மேல் காட்டவே காட்டாது! கம்பிகளைச் சுற்றியிருந்த டெஃப்லான் உறை கருகிப்போனது. அந்தத் தொட்டியோடுதான் விண்கலம் கிளம்பியது.

ஓரிடத்தில் பொருள் மட்டும் மாறியது, இன்னோரிடத்தில் காகிதம் மட்டும் மாறியது. இரண்டு இடத்திலும் கோளாறு ஒன்றுதான். காகிதம் சொல்வதும் பொருளில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை.

இதற்கு ஒரு துறையே இருக்கிறது

இந்த இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பெயர் 'கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்'. 1950, 60-களில் அமெரிக்க ராணுவ, விண்வெளித் திட்டங்களில் உருவாகி, பிறகு கார், மருத்துவக் கருவி, மென்பொருள் என்று எல்லாப் பக்கமும் பரவியது. இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 10007 என்ற சர்வதேச வழிகாட்டியும் இருக்கிறது. பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஐந்து எளிய கேள்விகள்.

முதல் கேள்வி: இப்போது என்ன இருக்கிறது? ஒரு பொருளில் என்னென்ன உறுப்புகள், ஒவ்வொன்றும் எந்தப் பதிப்பு என்ற பட்டியல் வேண்டும். இது இல்லையென்றால், எதிலிருந்து மாறினோம் என்றே சொல்ல முடியாது.

இரண்டாவது: எதை, ஏன் மாற்றுகிறோம்? வாய்ப் பேச்சாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும். 'ஏன்' என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் பல உண்மைகள் வெளியே வரும்.

மூன்றாவது: இது வேறு எதைத் தொடும்? இங்கேதான் மாற்றங்களை முடிவு செய்யும் குழு வருகிறது. வடிவமைப்பாளர், உற்பத்திக்காரர், தரம் பார்ப்பவர், கொள்முதல், சர்வீஸ் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஏர்பேக் பற்றித் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்து, 'சாவி நழுவினால் பை விரியாதே' என்று சொல்லியிருந்தால் கோபால்ட் கதையே வேறு.

நான்காவது: எந்தத் தேதியிலிருந்து, எந்த வண்டியிலிருந்து? பழைய சரக்கை என்ன செய்வது? சேஸிஸ் நம்பரைச் சொன்னால், 'உங்கள் வண்டியில் இந்த உறுப்பை மாற்ற வேண்டும்' என்று கார் கம்பெனிகள் சொல்ல முடிகிறதே, அது இந்தப் பதிவின் புண்ணியம்தான்.

ஐந்தாவது: சொன்னது நடந்ததா? காகிதத்தை ஒரு கையிலும் பொருளை இன்னொரு கையிலும் வைத்துச் சரிபார்ப்பது. அப்போலோ தொட்டியில் தவறியது இதுதான்.

ஏன் மறைக்கிறார்கள்?

இவ்வளவு எளிதென்றால் ஏன் தவறுகிறது? இந்த வேலை அலுப்பானது என்பது ஒரு காரணம். ஒரு ஸ்பிரிங்கை மாற்ற ஒரு நாள் போதும். அதற்கான படிவங்கள் நகர்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். 'சின்ன மாற்றம்தானே' என்று குறுக்குவழி தேடுவது மனித இயல்பு. படிவங்களைத் தேவைக்கு மேல் குவித்துவைக்கும் நிறுவனங்கள், குறுக்குவழிக்குத் தாங்களே கதவு திறந்துவிடுகின்றன. அதனால், நல்ல நிறுவனங்கள் மாற்றங்களைத் தரம் பிரிக்கின்றன. எழுத்துப்பிழை திருத்தத்துக்கு ஒரு கையெழுத்து போதும். உயிரோடு விளையாடும் உறுப்பு என்றால், முழுக் குழுவும் கூடியே ஆக வேண்டும்.

இன்னொரு காரணம், கூச்சம். மாற்றத்தைப் பதிவு செய்தால், முன்பு செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தப்பை ஒப்புக்கொள்கிறவரைத் தண்டிக்கும் இடத்தில், மக்கள் தப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்யக் கற்றுக்கொள்வார்கள். மேலே பார்த்தால் அது பொறுப்பான செயல்போலவே தெரியும். ஆனால், அந்தத் திருத்தத்தால் இனி வரும் வாடிக்கையாளர் மட்டுமே தப்பிப்பார். ஏற்கெனவே வாங்கியவருக்கு யாரும் சொல்வதில்லை.

கோபால்ட் சுவிட்ச் 2006-லேயே சரிசெய்யப்பட்டது. பழைய கார்கள் திரும்ப அழைக்கப்பட்டது 2014-ல். நடுவில் இருந்த ஆண்டுகளில், தங்கள் காரில் இருப்பது எந்த சுவிட்ச் என்று தெரியாமலேயே லட்சக்கணக்கானோர் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். 2010-ல் ஜார்ஜியா சாலையில் சென்ற அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருவர். அவருடைய காரை மாற்றியிருக்க வேண்டிய நல்ல சுவிட்ச், அதற்கு முன்பே தயாராகி, டீலரின் அலமாரியில் அதே நம்பரோடு இருந்தது.